வன்னியின் உயிர்ச்சுவடுகளை வரைபடத்திலும் தரவுத்தளத்திலும் பதிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் விஞ்ஞான ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள், குழாய்க்கிணறு அடிப்பவர்கள், கிரவல் அள்ளும் இடங்களில் வேலை செய்பவர்கள் எனப் பலரும் உயிர்ச்சுவடுகள் (கல்லாக இறுகிப்போன பழங்கால உயிர்களின் எச்சங்கள்) பற்றி என்னிடம் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பு சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. உயிர்ச்சுவடு எல்லாம் இரத்தினபுரிப் பக்கம் கிடைப்பவை. வன்னியில் என்ன இருக்கப் போகிறது?

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களை பி. ஈ. பி. தெரணியகல விவரித்து எழுதினார். அதனால் அந்த ஊரின் பெயர் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. வன்னியில் இருப்பது வேறு வகை. அதைவிட மிகப் பழையது. ஏறத்தாழ 23 மில்லியன் முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் இலங்கையின் வடமேற்கு, வடக்குக் கரைகள் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் இருந்தன. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் புத்தளத்திலிருந்து மன்னார்க் கரை வழியாக யாழ்ப்பாணம் வரையும், கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாகவும் பரந்து கிடக்கிறது. சிலாவத்துறை, முருங்கன், முழங்காவில், பூநகரி, பரந்தன் எல்லாம் அந்தப் பரப்பில் அமைந்த ஊர்களே.

அந்தக் கல்லில் சிப்பி, நத்தை, பவளம், கடல் முள்ளெலி, போராமினிபெரா எனப்படும் நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆகியவை உள்ளன. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் காணப்படும் டபெரினா மலபாரிகா என்ற போராமினிபெரா இனம் கேரளத்தின் கொல்லம் படிவுகளிலும் உண்டு. இரு கரைகளிலும் ஒரே காலத்துக் கடல் இருந்தது என்று சொல்ல உதவும் சான்று, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவு சிறியது.

வவுனியாவிலும் முல்லைத்தீவின் தென்பகுதியிலும் நிலைமை வேறு. அங்கே அடியில் இருப்பது வன்னித் தொகுதி என்றே புவியியலாளர் பெயரிட்டிருக்கும் உருமாறிய பாறை. உயிர்கள் ஓடு கட்டத் தொடங்கும் முன்பே உருவாகி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. அதில் உயிர்ச்சுவடு தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

2. இரணைமடுப் பக்கத்துச் செம்மண்ணில் பழைய கற்கள் கிடைக்கின்றன என்கிறார்கள். எலும்பும் கிடைக்குமா?

இரணைமடுவின் பெயரையே தாங்கிய படிவு அது. அடியில் பரல்கற்களும் மேலே செம்மணலும் கொண்ட இரணைமடுப் படிவில் ஆதி மனிதர் உடைத்துச் செய்த கற்கருவிகள் உள்ளன. தென்கரையில் பூந்தலப் பக்கம் இதே வகைப் படிவில் கருவிகள் இருந்த ஒரு படை (மண் அடுக்கு) ஏறத்தாழ 125,000 ஆண்டுகள் பழையது என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகலவின் ஆய்வு காட்டியது.

ஆனால் அமிலத்தன்மையுள்ள இந்தச் செம்மண்ணில் எலும்பு எளிதில் கரைந்துவிடும். ஆகவே அங்கே எதிர்பார்க்க வேண்டியது எலும்பை அல்ல, கருவிகளை. கற்கருவி உயிர்ச்சுவடு அன்று, அது தொல்பொருள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்கலாம். ஆனால் தரவுத்தளத்தில் வேறு வகையாகவே குறிக்க வேண்டும். சட்டமும் வேறு (கேள்வி 13).

3. வயலோரத்தில் சிப்பி குவிந்து கிடக்கிறது. அதுவும் உயிர்ச்சுவடுதானே?

அவசியமில்லை. நந்திக்கடல் போன்ற களப்புகளின் ஓரத்தில் மண்ணோடு உதிரியாகக் கிடக்கும் சிப்பி சில ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்கலாம். சுண்ணாம்பு சுடுவதற்கு யாரோ கொண்டுவந்து கொட்டியதாகவும் இருக்கலாம். கல்லோடு கல்லாக இறுகியிருக்கிறதா, ஓட்டின் உட்புறம் கல்லால் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். முடிவுக்கு வர முடியாவிட்டால் ‘உதிரிச் சிப்பி, காலம் தெரியாது’ என்று எழுதுங்கள். அதுவும் முறையான பதிவுதான்.

4. நல்ல கல் ஒன்று கிடைத்தது, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இனி எதைப் பதிவது?

நினைவு மறைவதற்குள் இடத்தைப் பதியுங்கள். எந்தக் குளத்தின் அலைகரை, எந்த வாய்க்காலின் எந்தப் பக்கம், நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே, எந்த நிற மண்ணுக்கு அடியில், கல் படையோடு ஒட்டியிருந்ததா அல்லது மேலே உருண்டு கிடந்ததா என்பவை எல்லாம் வேண்டும். உயிர்ச்சுவட்டின் பெயரை ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் கண்டுபிடித்துக்கொள்ளலாம். கல் அதற்குக் காத்திருக்கும். அது கிடந்த இடத்தை ஐம்பது ஆண்டு கழித்து எவராலும் மீட்க முடியாது. பாடசாலை ஆய்வுகூடங்களின் அலுமாரிகளில் அழகான கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் மேலிடுகிறது. ‘மன்னார்’ என்று மட்டும் ஒட்டுச்சீட்டு இருந்தால் அந்தக் கல்லைக்கொண்டு செய்யக்கூடியது மிகக் குறைவு.

அடுத்த முறை கல்லைத் தொடும் முன் மூன்று படங்கள் எடுங்கள்: தூரத்திலிருந்து இடம் முழுவதும் தெரிய ஒன்று, படை தெரிய ஒன்று, அருகே அளவுகோல் வைத்து ஒன்று. கல்லில் அழியாத மையால் எழுதும் எண்ணும் தரவுத்தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? அதிலேயே இடம் இருக்குமே?

இருக்காது. கைபேசி படத்துக்குள் எழுதிவைக்கும் அமைவிடத் தகவல், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது நீக்கப்பட்டுவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது தங்கும். எப்படியானாலும் இலக்கங்களைத் தனியாக எழுதி அனுப்புவதே பாதுகாப்பானது.

6. கைபேசி காட்டும் இடம் எவ்வளவு சரியானது? எத்தனை தசமதானம் எழுத வேண்டும்?

திறந்த வெளியில் நல்ல கைபேசி ஏறத்தாழ ஐந்து மீற்றருக்குள் காட்டும். பாலைமரக் காட்டுக்குள் போனால் அது பல மடங்கு கெடும். வந்தவுடன் அளக்காமல் ஓரிரு நிமிடம் நின்று, செயலி காட்டும் துல்லிய அளவு நிலைத்த பின் பதியுங்கள். அந்தத் துல்லிய அளவையும் சேர்த்தே எழுதுங்கள்.

நமது அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றர். ஆகவே நான்காம் தசமதானம் சுமார் 11 மீற்றரையும் ஐந்தாம் தசமதானம் சுமார் ஒரு மீற்றரையும் குறிக்கிறது. ஐந்து போதும். எட்டுத் தசமதானம் எழுதினால் மில்லிமீற்றர் வரை அளந்ததாகப் பொருள்படும், அது உண்மையல்ல. அகலக்கோட்டை முதலிலும் நெடுங்கோட்டை அடுத்தும் எழுதுங்கள். வன்னியில் அகலக்கோடு 8 அல்லது 9 என்றும், நெடுங்கோடு 79 அல்லது 80 என்றும் தொடங்கும். இரண்டும் இடம் மாறினால் கிளிநொச்சியின் கல் வடதுருவத்தை அண்டிய கடலில் போய் விழும். வரைபடத்தில் அப்படி ஒரு புள்ளியைக் கண்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

7. நில அளவைத் திணைக்கள வரைபடத்திலிருந்து எடுத்த இலக்கத்தைப் போட்டால் புள்ளி வேறெங்கோ விழுகிறது. ஏன்?

இலங்கையில் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய 1:50,000 தாள்களில் இருப்பது கண்டவல ஆதாரம் எனப்படும் முறை. பிந்தியது எஸ்எல்டி 99 எனப்படும் முறை. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகல மலையின் அருகேதான். ஆனால் பழையது அந்த மையத்துக்கு இரு திசையிலும் 200,000 மீற்றர் என்றும், புதியது 500,000 என்றும் தொடக்க எண் கொடுக்கிறது. கிளிநொச்சி நகரத்தின் கிழக்கு இலக்கம் பழையதில் ஒன்றரை இலட்சத்தைச் சற்றுத் தாண்டியும், புதியதில் நாலரை இலட்சத்தைச் சற்றுத் தாண்டியும் வரும். முதல் எண்ணைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235, கைபேசி தரும் பாகை இலக்கங்களுக்கு 4326 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். மாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். கண்டவல ஆதாரத்தின் பாகை இலக்கங்களை அப்படியே கைபேசி முறையில் போடுவதுதான் கண்ணுக்குத் தெரியாத பிழை. புள்ளி ஏறத்தாழ இருநூறு மீற்றர் நகரும். ஊர் அதே ஊராகத் தெரிவதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் குளத்தின் இக்கரையில் கிடைத்தது அக்கரையில் கிடைத்ததாகிவிடும். எந்த முறையில் எடுத்தது என்பதற்குத் தரவுத்தளத்தில் கட்டாயம் ஒரு நிரல் வேண்டும்.

8. எந்தச் செயலி நல்லது? காட்டுக்குள் இணையமும் இல்லை, எங்களிடம் பணமும் இல்லை.

பணம் தேவையில்லை. மேசைக் கணினியில் கியூஜிஐஎஸ், கைபேசியில் அதனோடு இணைந்து இயங்கும் கியூஃபீல்ட். இரண்டும் இலவசம், இணையமின்றியும் இயங்கும். வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி எடுத்துச் சென்று, திரும்பிய பின் ஒத்திசைக்கலாம். படிவம் நிரப்புவது மட்டும் போதுமானால் கோபோ என்ற செயலி எளிது. தமிழில் படிவம் அமைக்கலாம். பேனாவால் எழுதினாலும் சரி, பென்சிலால் எழுதினாலும் சரி, ஒரு குறிப்புப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கட்டும். மின்கலம் தீர்ந்தாலும் பதிவு நிற்கக் கூடாது.

9. எக்செல் தாள் ஒன்று போதாதா? தரவுத்தளம் எதற்கு?

இருபது கல் வரை போதும். அதற்கு மேல் போனால் ஒரே இடத்தின் பெயரை ஐந்து விதமாக எழுதியிருப்பீர்கள். தரவுத்தளத்தில் இடம் ஓர் அட்டவணை, மாதிரி ஓர் அட்டவணை, இனங்காணல் ஓர் அட்டவணை. ஓர் இடத்தில் நாற்பது மாதிரிகள் இருந்தாலும் இடத்தின் விவரத்தை ஒரு முறைதான் எழுதுவீர்கள். பிழை திருத்துவதும் ஒரு முறைதான்.

எக்செலில் இன்னொரு தொல்லையும் உண்டு. 3-5 என்று மாதிரி எண் எழுதினால் அது திகதியாக மாறிவிடும். அந்த நிரலை எழுத்து வகையாக அமைத்த பிறகே தட்டச்சு செய்யுங்கள்.

10. இடப்பெயரைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழில் எழுதினால் பெட்டி பெட்டியாக வருகிறதே?

இரண்டிலும் எழுதுங்கள், மூலம் தமிழாக இருக்கட்டும். ஊர்க்காரர் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே ஒரு நிரலில் எழுதி, அதைப் பின்பு யாரும் திருத்தாமல் விட வேண்டும். குளத்துக்கும் காட்டுத்துண்டுக்கும் ஊரில் வழங்கும் பெயர்கள் பல வரைபடத் தாள்களில் ஏறவே இல்லை. முப்பது ஆண்டு இடப்பெயர்வில் குடும்பங்கள் சிதறிய மண்ணில் அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு கல்லைப் பதியும்போது ஒரு பெயரும் சேர்ந்து காப்பாற்றப்படுகிறது என்பது எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விடயம். கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு ஆகியவற்றைத் தனி நிரல்களில் எழுதுங்கள்.

பெட்டி வருவதற்கும் எழுத்துக் குழம்புவதற்கும் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அது ஒருங்குறி அல்ல, தரவுத்தளத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மற்றது, சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி வடிவில் சேமிக்காதது.

11. குழாய்க்கிணறு அடிக்கும்போது சிப்பித் துண்டுகள் மேலே வருகின்றன. அதைப் பதியலாமா?

கட்டாயம் பதியுங்கள். முருங்கன், முழங்காவில், பரந்தன் பகுதிகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஆழத்து நீர்ப்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே அடிக்கும் ஒவ்வொரு கிணறும் நாம் ஒருபோதும் கண்ணால் காண முடியாத படைகளுக்குள் இறங்குகிறது. மேற்பரப்பில் கல் தெரியாத ஊர்களில் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. துளையிடுபவரிடம் முன்கூட்டியே பேசி, பத்து அடிக்கு ஒரு பையாகத் துகள்களை வாங்கி ஆழத்தை எழுதிவையுங்கள்.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். துளையிலிருந்து வருவது கலந்து வருவது. மேலிருந்து உதிர்ந்த துண்டு கீழ்ப் படையின் துகளோடு சேர்ந்து வெளிவரும். ஆகவே ‘140 அடி’ என்று எழுதாமல் ‘130 முதல் 140 அடி வரை துளைத்தபோது வெளிவந்தது’ என்று எழுதுங்கள். வரைபடத்தில் ஒரு கிணறு ஒரு புள்ளிதான். ஆழம் அட்டவணையில் இல்லாவிட்டால் வெவ்வேறு காலத்து உயிர்கள் ஒரே புள்ளியில் குவிந்துவிடும்.

12. எங்கள் வீட்டு மதில் கல்லிலேயே நத்தை அச்சு இருக்கிறது. இங்கே கடல் இருந்தது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. போருக்குப் பின் வன்னியில் வீதிகளும் வீடுகளும் கட்டப்பட்டபோது கல்லும் கிரவலும் தூர இடங்களிலிருந்து பார ஊர்திகளில் வந்து இறங்கின. மதிலில் உள்ள நத்தை யாழ்ப்பாணத்துக் கல்லுடையதாக இருக்கலாம். தரவுத்தளத்தில் ‘இருந்த இடத்திலேயே’, ‘நீரால் அடித்து வரப்பட்டது’, ‘மனிதரால் கொண்டுவரப்பட்டது’, ‘தெரியாது’ என்ற நான்கு தெரிவுகளோடு ஒரு நிரல் வையுங்கள். என் பார்வையில் முழு அட்டவணையிலும் மிக முக்கியமான நிரல் அதுவே. அது இல்லாத வரைபடம் ஊர்தி ஓடிய பாதையைத்தான் கடற்கரையாகக் காட்டும்.

மதில் கல்லை ஒதுக்க வேண்டியதில்லை. கல் எங்கிருந்து வந்தது என்று வீடு கட்டியவரைக் கேளுங்கள். கல் அகழ்ந்த கிடங்கின் பெயர் கிடைத்தால் அதைத் தோன்றிய இடம் என்று எழுதி, நிச்சயமின்மை ஆரத்தை (உண்மையான இடம் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கலாம் என்ற அளவை) கிடங்கின் அளவுக்குப் பெரிதாகக் கொடுங்கள்.

13. கிண்டிப் பார்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கிண்ட வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் அரசின் உடைமை. சுண்ணாம்புக்கல், கிரவல் அகழ்வு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் பொறுப்பில் வருகிறது. சுண்டிக்குளம், வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் எதையும் அகற்றக் கூடாது.

பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் அளவிடுவதற்கும் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் போதும். மண்ணரிப்பும் வாய்க்கால் வெட்டும் கிணறும் வேண்டியதை வெளிக்கொண்டு வருகின்றன. வெளிப்பட்டதைப் பதிவதற்கே நமக்கு ஆட்கள் போதவில்லை.

14. மிதிவெடி அகற்றி முடிந்ததுதானே? இனிக் காட்டுக்குள் போகலாம் அல்லவா?

முடிந்துவிட்டது என்று எண்ணிப் போகாதீர்கள். மண்டையோட்டுக் குறி உள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும், மக்கள் நடந்து பழகிய பாதையை விட்டு விலகும் முன் கிராம அலுவலரையும் ஊரின் மாடு மேய்ப்பவர்களையும் கேளுங்கள். வெள்ளம் வெடிபொருளை நகர்த்தும். மாரிக்குப் பின் பழைய பாதையும் புதிய பாதைதான். மண்ணில் அரைகுறையாகத் தெரியும் வட்டமான பொருளைக் கடல் முள்ளெலி என்று எண்ணிக் கையால் கிளறாதீர்கள். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

15. எலும்பு கிடைத்தால் அது பழங்காலத்ததா, மனிதருடையதா என்று எப்படி அறிவது?

நீங்கள் அறிய முயலவே கூடாது. கல்லாக இறுகாத எலும்பு எதைக் கண்டாலும் வேலையை நிறுத்துங்கள். தொடாமல், நகர்த்தாமல், மூடாமல் விட்டுவிட்டு பொலிஸாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்த இடம் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் எலும்பின் கிடையும் அருகில் கிடக்கும் பொத்தானும் துணித்துண்டும் யாரோ ஒருவரின் பிள்ளை யார் என்பதைச் சொல்லும் சான்றுகள். ஆர்வத்தால் ஓர் எலும்பை எடுத்துக் கழுவினால், பல ஆண்டுகளாகத் தேடும் ஒரு தாயின் பதிலைக் கலைத்துவிடக்கூடும்.

இத்தகைய இடத்தை உயிர்ச்சுவட்டுத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டாம். படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம்.

16. என்ன இனம் என்று தெரியவில்லை. பெயர் இல்லாமல் பதிவு முழுமையாகுமா?

ஆகும். ‘இரட்டை ஓட்டுச் சிப்பி’ என்பது நேர்மையான இனங்காணல். உறுதியில்லாத இலத்தீன் பெயரைவிட அது பல மடங்கு மேல். பெயர் சூட்டுவது ஒருவரின் கருத்து, அது மாறும். அதனால்தான் இனங்காணலுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்றேன் (கேள்வி 9). யார், எந்த நாளில், எதைப் பார்த்து அந்தப் பெயரைக் கொடுத்தார் என்று எழுதுங்கள். பின்னர் இன்னொருவர் வேறு பெயர் கொடுத்தால் பழையதை அழிக்காமல் கீழே அடுத்த வரியாகச் சேருங்கள்.

17. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள இடங்களை வரைபடத்தில் ஏற்ற முடியுமா?

முடியும்; ஏற்ற வேண்டும். வேலண்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர் இருவரும் இலங்கையின் மயோசீன் பற்றி 1923 இல் இலண்டன் புவியியல் கழகத்தின் காலாண்டிதழில் எழுதினார்கள். அக்காலத்தவர் இடத்தைச் சொற்களால்தான் குறித்தனர். ‘முருங்கன் அருகே’ என்று ஒரு கட்டுரையில் இருந்தால் முருங்கன் சந்தியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகரக் கூடாது. ‘அருகே’ எவ்வளவு தூரம் என்று தீர்மானித்து, ஐந்து கிலோமீற்றர் என்றால் 5,000 மீற்றர் நிச்சயமின்மை ஆரத்தை எழுதுங்கள். மூலத்தின் சொற்றொடரையும் அப்படியே ஒரு நிரலில் வையுங்கள். டார்வின் கோர் என்ற பன்னாட்டுத் தரவு வடிவத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனி நிரல்கள் உள்ளன.

18. எங்கள் வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாமா?

இரண்டு படிகளாக வெளியிடுங்கள். சரியான இலக்கங்கள் பொறுப்பானவர்களிடம் இருக்கட்டும். பொதுவில் இரண்டாம் தசமதானத்தோடு நிறுத்துங்கள்; அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் சுட்டும். புதையல் தோண்டுவோருக்கு வன்னியில் குறைவில்லை; கற்கருவி கிடைத்த இடம் என்று துல்லியப் புள்ளி போட்டால் அடுத்த வாரம் அங்கே குழி இருக்கும். தனியார் காணி என்றால் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். சுருக்கி வெளியிட்டிருக்கிறோம் என்று வெளியீட்டிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் அந்தப் புள்ளியையே உண்மையான இடம் என்று நம்பி ஆய்வு செய்வார்.

19. உலகத் தரவுத்தளங்களில் எங்கள் பதிவுகளைச் சேர்க்க முடியுமா?

2001 இல் தொடங்கிய உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பான ஜிபிஐஎஃப் தனிநபரிடமிருந்து நேரடியாகத் தரவுத்தொகுதி பெறுவதில்லை; ஏற்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் வழியாகவே ஏற்றலாம். உயிர்ச்சுவடுகளுக்கான பேலியோபயாலஜி தரவுத்தளம் முதன்மையாக வெளியான ஆய்வுகளை மூலமாகக் கொண்டு இயங்குகிறது. ஆகவே பல்கலைக்கழகத் துறை ஒன்றையோ அருங்காட்சியகம் ஒன்றையோ துணைக்குச் சேர்க்க வேண்டும். அதற்குக் காத்திருக்கும் காலத்திலும் நிரல்களின் பெயர்களை டார்வின் கோர் முறைப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆயிரம் வரிகளைத் திருத்தும் வேலை இராது.

20. நாள் முழுவதும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் பதிய வேண்டுமா?

பதிய வேண்டும். வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடம், தேடியும் இல்லாத இடமா, யாருமே போகாத இடமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. புள்ளிகள் ஏ9 வீதியை ஒட்டியே குவிந்திருந்தால் அது உயிர்ச்சுவடுகள் பரவியிருக்கும் விதத்தைக் காட்டவில்லை. நாம் பஸ்ஸில் போன வழியைக் காட்டுகிறது. கைபேசியில் நடந்த தடத்தைச் சேமித்து, திகதி, தேடியவர்களின் எண்ணிக்கை, செலவிட்ட மணி நேரம், அப்போது மண் ஈரமா காய்ந்ததா, பார்த்த கல் அல்லது மண் வகை ஆகியவற்றோடு ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். மாரி கழிந்து அலைகரை அரித்த பின் அதே இடத்துக்கு மீண்டும் போகும்போது ஒப்பிட அந்த வரி வேண்டும்.